சட்டம் படிக்க ஆசைப்படும் மகளைத் தடுக்காதீர்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் மதிப்பெண் போதவில்லை. "ஒரு வருஷம் கோச்சிங் போடுங்க, இல்லேன்னா மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிடலாம்" என்கிறார் கோவை சித்தப்பா. மகளோ சட்டம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்கலாமா என்று வீட்டில் யோசனை.

வேண்டாம் அம்மா. பிள்ளை கேட்காத படிப்புக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள், வட்டி கட்டப்போவது நீங்கள்.

2024 மே மாதம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தபோது, "கலெக்டர் சொன்னா சரி, ஒரு ஜட்ஜ் எந்த அதிகாரத்துல இதைச் சொல்றார்?" என்று உங்கள் மகள் கேட்டாளாம். அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்ட வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி அது. விடை அரசியலமைப்பின் 226-வது பிரிவில் இருக்கிறது. அரசின் செயலால் பாதிக்கப்பட்டவர் ரிட் மனு (அரசுக்கோ அதிகாரிக்கோ உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போட்டால் விசாரித்து ஆணையிடும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அந்தப் பிரிவு தருகிறது. பிரிவு சின்னது. அதற்கு உயிர் கொடுப்பது தீர்ப்புகள். நோட்டீஸ் தராமல், ஒருவர் தரப்பைக் கேட்காமல் அதிகாரி போடும் உத்தரவு பெரும்பாலும் நிற்காது என்ற நெறியை வளர்த்தவை நீதிமன்றங்கள்தான். மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை 1950-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இடஒதுக்கீட்டைக் காப்பாற்ற 1951-ல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

நம் மலையையே பாருங்கள். சீகூர் யானை வழித்தடம் பற்றிய 2010 அறிவிக்கையை 2011-ல் உயர் நீதிமன்றமும் 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. கொடைக்கானலில் விதியை மீறி எழுந்த ஏழு மாடி ஓட்டலுக்கு அரசு தந்த விதிவிலக்கு 1995-ல் உயர் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. கூடலூர் ஜென்மம் நிலச் (பழைய பரம்பரை ஜமீன் போன்ற நிலம்) சிக்கல், 1969 சட்டம் வந்தும் இன்னும் தீரவில்லை. இந்த ஊர் நிலவரம் தெரிந்த ரிட் வக்கீலுக்கு வேலை இல்லாமல் போகாது.

அந்த வேலை சினிமாவில் வருவது போல இருக்காது. கட்சிக்காரர் பையில் கசங்கி வந்த தாசில்தார் உத்தரவை ஜூனியர் வக்கீல் பிரித்துப் படிப்பார். எந்தப் பிரிவின் கீழ் போட்டது, அந்தப் பிரிவு தாசில்தாருக்கு உண்மையிலேயே அதிகாரம் தருகிறதா, காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் தேதிவாரியாகக் காகிதங்களை அடுக்கி டைப்டு செட் (நீதிபதி படிக்கக் கோத்துத் தரும் ஆவணக் கட்டு) தயாரிப்பார். அதே கேள்விக்கு முன்பு வந்த தீர்ப்பைத் தேடுவார்: தனி நீதிபதி தந்ததா, டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் சேர்ந்த அமர்வு) தந்ததா, அப்பீலில் மாறிவிட்டதா? பொறுமையாகப் படிக்கிற பிள்ளைக்கு இது பிடித்துப்போகும். உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் ஆராய்ச்சி உதவியாளராகவும் சேரலாம். இப்படி ஒரு வேலை இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

செலவுக்கு வருவோம். அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. கோவையிலேயே ஒன்று இருக்கிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் லட்சங்களில் போகும். கடன் வாங்கி அங்கே போகாதீர்கள். வக்கீலாகப் பதிவு செய்ய, பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். நீலகிரி ரிட் மனுக்கள் சென்னைக்குத்தான் போகும் (கொடைக்கானல் என்றால் மதுரைக் கிளை). ஜூனியருக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் வருமானம் மிகக் குறைவு. மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை அந்த வருஷங்களின் சென்னை வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"பொம்பளப் பிள்ளை கோர்ட்டு வாசல்ல நிக்கிறதா" என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஊட்டி கோர்ட்டில் ஒரு நாள் அவளை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.