கேள்வி – பதில்: லைசோசோம் உடைவதால்தான் நோயா?

கேள்வி: லைசோசோமைச் செல்லின் ‘தற்கொலைப் பை’ என்று படித்தோம். தசைகளைப் பலவீனமாக்கும் பரம்பரை நோயான போம்பே நோய், அந்தப் பை உடைவதால் வருவதா?

பதில்: இல்லை. இங்கே சிக்கல் நேர்மாறானது. செல்லுக்குள் பொருள்களை நொதிகளால் செரிக்கும் சிறு பையான லைசோசோமின் உள்ளே பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5-க்கும் கீழே இருக்கும். அந்த அமிலத்தில்தான் அதன் நொதிகள் முழு வேகத்தில் இயங்கும். பைக்கு வெளியே, செல்லை நிரப்பும் சைட்டோபிளாசத்தில் பிஹெச் சுமார் 7.2. அதனால் ஓரிரு பைகள் கசிந்தாலும் நொதிகள் பெரும்பாலும் முடங்கிவிடும்.

போம்பே நோயில் அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற ஒரே ஒரு நொதி குறைகிறது. பையின் உள்ளே வந்த கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) குளுக்கோஸாக உடையாமல் தேங்கி, பை வீங்கி, தசை இழைகளைச் சிதைக்கிறது. கைக்குழந்தைகளுக்கு இதயத் தசை தடிக்கும். பெரியவர்களுக்கு இடுப்பும் தொடையும் தளரும். மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானம் பலவீனமாவதால் மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கும். இந்த அறிகுறியை அலட்சியப்படுத்தவே கூடாது.

ஆல்குளுகோசிடேஸ் ஆல்ஃபா என்ற மாற்று நொதியை உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. வீதம், 2 வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியே சொட்டுச்சொட்டாக ஏற்றுவார்கள். அது எப்படி லைசோசோமைச் சென்றடைகிறது? செல்லுக்குள் இருக்கும் கோல்கை உறுப்பு, லைசோசோமுக்குப் போகவேண்டிய நொதிகளில் பதிக்கும் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற விலாசம் இதிலும் உண்டு. செல் சவ்விலுள்ள ஏற்பிகள் (குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) அதை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வியக்கத்தக்க ஏற்பாடு! ஆனால் இந்த மருந்து மூளைக்குள் நுழையாது. ஏற்கெனவே சிதைந்து கொழுப்பாக மாறிய தசையையும் மீட்காது. ஆகவே சந்தேகம் வந்தவுடனேயே இரத்தத்தில் இந்த நொதியின் செயல்திறனை அளந்துவிட வேண்டும்.