ஜிம்முக்கு ஒரேயடியாக 30,000 கட்டலாமா?

கேள்வி: வயது 36. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 55,000. சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பக்கத்து ஜிம்மில் மாதம் 4,000. வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 30,000. கட்டலாமா?

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பதில்: வேண்டாம் தம்பி. மாதக் கட்டணமும் இப்போதைக்கு வேண்டாம்.

வேலை செய்கிற தசை இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். நீங்கள் ஓடுவது மெஷினிலா மண்ணிலா என்று அதற்குத் தெரியாது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போதும்; நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குங்கள், வழியில் நிற்கும் மான்கள் காசு கேட்காது. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் கதிரையில் இருந்து எழும்பித் திரும்ப இருப்பது, பத்துப் பத்தாக மூன்று தடவை. ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஐந்து கிலோ, அதைத் தூக்குங்கள்.

வருடப் பக்கேஜுக்கு வருவோம். 30,000 என்றால் மாதம் 2,500தானே என்று தோன்றும். இரண்டு மாதத்தில் இருபது நாள் போய் நின்றுவிட்டால் ஒரு நாளுக்கு 1,500. சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பின்னேரம் வந்தால் அங்கே நிற்கவும் இடமிருக்காது. நீங்கள் வரமாட்டீர்கள் என்று நம்பித்தான் அந்த விலையே போடுகிறார்கள்.

அடுத்து டின் வரும். பயிற்சி சொல்லித்தரும் பையனே புரோட்டீன் மா விற்பான், அதில் அவனுக்குக் கொமிஷன். போன மாதம் ஒருவர் என் மேசையில் கொண்டுவந்து வைத்த டின்னில் இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, காலாவதித் திகதி சுரண்டிக் கிடந்தது. நூறு கிராம் சூடை மீனில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கிறது. சந்தைக்குப் போங்கள்.

ஒரு விதிவிலக்கு: பெண்கள். இருட்டின பிறகு தனியே நடக்க முடியாது, விடியற்காலையில் சமையல், பகலில் வெயில். பெண்களுக்கென்று தனி நேரமும் சொல்லித்தரப் பெண்ணொருவரும் இருக்கிற ஜிம் என்றால் அந்த 4,000 வீண் இல்லை. உங்கள் மனைவிக்கும் சீனிப் பயம் இருந்தால், உங்களுக்குக் கட்ட நினைத்த காசை அவருக்குக் கட்டுங்கள். தனி நேரம் என்று சொல்லிவிட்டு ஆண்களையும் உள்ளே விடுகிறார்களா என்று மட்டும் ஒரு நாள் அவரே போய்ப் பார்க்கட்டும்.

கிளினிக் துண்டில் ‘உடற்பயிற்சி’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். எப்படிச் செய்வதென்று காட்டத்தான் ஆளில்லை. மைதானத்துக்குப் போனால் வெளிச்சமில்லை, சில நாளில் கேட்டில் பூட்டு. பிறகு சனம் ஜிம்மில் காசைக் கொட்டாமல் என்ன செய்யும்?

மூன்று மாதம் நடங்கள், கலண்டரில் புள்ளடி போடுங்கள். மழைக்காலத்தில் விறாந்தையில் நின்ற இடத்திலேயே நடக்கலாம். புள்ளடி வாரத்துக்கு நாலுக்குக் குறையாமல் இருந்து, பாரம் தூக்கவும் ஆசை வந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.