இளையர் கையில் ஒரு திட்டம்

கேள்வி: எங்கள் தமிழர் சங்கத்தில் இளையர்களுக்கு நாற்காலி போடுவது, ஃபேஸ்புக்கில் படம் ஏற்றுவது, இவைதான் வேலை. முடிவெல்லாம் செயலவை எடுக்கும். என்னோடு வேலை பார்க்கும் யூதத் தோழி முற்போக்குப் பிரிவைச் சேர்ந்தவர். அங்கே இருபது, முப்பது வயதுக்காரர்களே சமூகத் திட்டங்களை நடத்துகிறார்களாம். எப்படி முடிகிறது?
- வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, அவர்கள் பொறுப்போடு பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்து முக்கியமான வித்தியாசம் அதுதான்.

வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகும்போது 1878-ல் திறந்த யூதர் ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள், அது வைதீக மரபு. முற்போக்குப் பிரிவினர் சமயச் சட்டத்தைக் காலத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்பவர்கள், வழிபாட்டில் ஆணும் பெண்ணும் சமம் என்பவர்கள். அவர்களுக்கும் இங்கே தனிச் சபை இருக்கிறது. இந்தப் பிரிவு வளர்ந்ததிலேயே இளையர் பங்கு பெரிது. லண்டனில் லிலி மான்டகு 1893-ல், இருபது வயதை ஒட்டி, வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்காக ஒரு மன்றம் தொடங்கினார், அந்தப் பெண்களுக்குப் புரியும்படி ஆங்கிலத்திலேயே வழிபாடும் நடத்தினார், அந்த அனுபவத்தோடுதான் 1902-ல் யூத சமய ஒன்றியம் உருவாக முன்னின்றார், 1926-ல் முற்போக்கு யூதத்தின் உலக ஒன்றியம் அமைந்ததிலும் அவர் உழைப்பு பெரிது. லண்டனில் மருத்துவம் படித்த ஜெருஷா ஜிராட் அதே வழியில் 1925-ல் பம்பாயில் ஓர் ஒன்றியம் தொடங்கினார். நம் பக்கத்து ஊர்க் கதை, ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்றைய உதாரணம் மோய்ஷி ஹவுஸ் என்ற யூத இளையர் அமைப்பு. 2006-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் தொடங்கியது, எந்தப் பிரிவுக்கும் தனியாக உரியதல்ல. இருபதுகளில் இருக்கும் சிலர் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருப்பார்கள், வாடகையில் ஒரு பங்கை அமைப்பு தரும், பதிலுக்கு அவர்கள் தங்கள் வயதுக்காரர்களை அழைத்து வெள்ளி இரவு விருந்து, படிப்பு வட்டம், தொண்டூழியம் என்று மாதந்தோறும் நடத்த வேண்டும். எதை நடத்துவது, யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரர்கள் முடிவு.

சரி, உங்கள் சங்கத்துக்கு வருவோம். தீபாவளி நிகழ்ச்சியைக் கேட்காதீர்கள், அதைப் பெரியவர்கள் விடமாட்டார்கள், விடச் சொல்வதும் நியாயமில்லை. இதுவரை யாரும் செய்யாத சின்ன வேலை ஒன்றைக் கேளுங்கள். உங்கள் புளோக்கில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் தமிழ் வாசிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லுங்கள். பொருளாளர் ரசீதைப் பார்க்கட்டும், ஆனால் ஒவ்வொரு இருபது வெள்ளிக்கும் அனுமதி கேட்டு நிற்கும் நிலை வேண்டாம். அப்புறம், ஆறு மாதத்துக்கு நடுவில் யாரும் தலையிடுவதில்லை என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்பி இறங்கவே இறங்காதீர்கள்!

கேள்வி: அந்தப் பிரிவில் பெண்கள் மதகுருவாகவும் ஆகலாமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: ஆகலாம். கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் கூட வேண்டும் என்பது யூத மரபு, அந்தப் பத்தில் முற்போக்காளர் பெண்களையும் எண்ணுவார்கள். 1935-ல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் முதல் பெண் ரப்பை, அதாவது யூத மதகுரு, ஆனார், 1944-ல் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொன்றார்கள். அமெரிக்காவில் 1972-ல் சாலி பிரீசாண்ட் ரப்பையானபோது அவருக்கு வயது 25.