மாடல் ரயில் இன்ஜின் ஓடும்போது ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடுமா?

நீங்கள் தந்திருக்கும் விவரம் இதுதான்: ஹெச்ஓ அளவில் (அசலின் 87-இல் ஒரு பங்கு) ஒரு டீசல் இன்ஜின் மாடல், பல ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, இப்போது எடுத்து ஓட்டினால் ஒரே தாளத்தில் ‘டிக், டிக்’ என்கிறது, வேகத்தைக் கூட்டினால் தாளமும் கூடுகிறது, இன்னும் வேகமாகப் போனால் உறுமலும் சேர்ந்துகொள்கிறது. எண்ணெய் விட்டால் போதுமா என்பது உங்கள் கேள்வி. உறுமலுக்கு ஒருவேளை போதலாம். தாளம் தவறாத ‘டிக்’குக்குப் போதாது. என் கணிப்பில், ஏதோ ஓர் அச்சில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் கீறல் விட்டிருக்க வேண்டும். ஆனால் என் கணிப்பை நம்பி இன்ஜினைக் கழற்ற வேண்டாம்; அதற்கு முன் கையில் ஒரு அளவுகோலும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தம் இன்ஜினிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தடத்தின் அதே இடத்தில் மட்டும் ‘டிக்’ கேட்டால், குற்றம் தண்டவாள இணைப்பில் இருக்கிறது. இன்ஜினைத் தொடவே வேண்டாம். எங்கே ஓடினாலும் கேட்கிறது என்றால், நேரான ஒரு தடத்தின் பக்கவாட்டில் நீளமான காகித நாடா ஒன்றை ஒட்டி, இன்ஜினை மிக மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு ‘டிக்’குக்கும் இன்ஜினின் முன்முனை எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும்.

இந்த எண்தான் நோயைச் சொல்லும். ஹெச்ஓ என்பது 1:87. அமெரிக்க டீசல் இன்ஜின்கள் பலவற்றின் சக்கர விட்டம் 40 அங்குலம், அதாவது 1,016 மில்லிமீட்டர். மாடலில் அது சுமார் 11.7 மில்லிமீட்டர் ஆகும்; சுற்றளவு ஏறக்குறைய 37 மில்லிமீட்டர். நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 என்ற டீசல் இன்ஜினின் மாடலாக இருந்தால், அசலின் சக்கரம் 1,092 மில்லிமீட்டர் என்பதால் சுற்றளவு 39 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். உங்கள் கோடுகளின் இடைவெளி இந்தச் சுற்றளவுக்குப் பொருந்தினால், சக்கரம் ஒருமுறை சுழலும்போது ஒருமுறை தட்டுகிறது. எனவே குற்றம் சக்கரத்திலோ அச்சுப் பல்சக்கரத்திலோ இருக்கிறது. இடைவெளி அதைவிட அதிகமானால், சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான போகிக்குள், அச்சுக்குச் சுழற்சியைக் கடத்தும் இடைப் பல்சக்கரத்தைச் சந்தேகியுங்கள்: எடுத்துக்காட்டாக, அச்சில் 14 பற்களும் இடைச்சக்கரத்தில் 20 பற்களும் இருந்தால், இடைச்சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் சுமார் 52 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். மோட்டாரோ சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால், அதன் குற்றம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை வந்து, காதுக்குத் தனித்தனித் தட்டலாகக் கேட்காமல் உறுமலாகவே கேட்கும். ஒரே இன்ஜினில் இரண்டு சத்தங்களும் கேட்டால் அவற்றை இரண்டு வெவ்வேறு நோய்களாகவே எண்ணித் தேடுவது நல்லது.

அச்சுப் பல்சக்கரம் ஏன் கீறல் விடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வலது, இடது சக்கரங்கள் இரண்டு தண்டவாளங்களிலிருந்தும் மின்சாரம் எடுப்பதால், அவை ஒன்றையொன்று மின்வழியாகத் தொடக் கூடாது. அதற்காகப் பல மாடல்களில் அச்சை இரண்டு உலோகத் துண்டுகளாக்கி, நடுவில் குழாய் போன்ற பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குள் இரு பக்கமிருந்தும் இறுக்கிச் செருகியிருப்பார்கள். பிளாஸ்டிக் வயதாக ஆகச் சுருங்குகிறது. உள்ளே இருக்கும் உலோகம் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த இழுவிசையில் பல்சக்கரம் நீளவாக்கில், பெரும்பாலும் இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில், பிளந்துவிடுகிறது. இன்ஜின் ஓடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் இது நடக்கும். பிளந்த இடத்தில் பற்களின் இடைவெளி மயிரிழை அளவு அகன்றுவிடுவதால், அடுத்த சக்கரத்தின் பல் அங்கே வரும்போதெல்லாம் சரியாகப் பொருந்தாமல் ஒரு துள்ளு துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் நீங்கள் கேட்கும் ‘டிக்’.

என்னிடம் இருந்த ஒரு பழைய டீசல் மாடலில் இதே சத்தம் வந்தபோது, போகியின் அடிமூடியைத் திறந்து அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மூன்று அச்சுகளில் எதுவும் தெரியவில்லை. நான்காவதை எடுத்து இரண்டு சக்கரங்களையும் விரல்களால் பிடித்து எதிரெதிராக மெல்லத் திருகியபோது, கறுப்புப் பல்சக்கரத்தின் பள்ளம் ஒன்றில் தலைமுடி போன்ற கோடு திறந்து மூடியது. திருகாமல் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. ஆகவே நீங்களும் வெறுமனே பார்ப்பதோடு நிறுத்தாமல் திருகிப் பாருங்கள். அதற்கு முன் பற்களைப் பழைய பல்துலக்கியால் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள். பள்ளத்தில் சிக்கிய ஒரு ஜல்லித் துணுக்கும், காய்ந்து இறுகிய கிரீஸ் கட்டியும் இதே தாளத்தில்தான் தட்டும். அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியையும் தரைவிரிப்பு நூலையும் அப்போதே இடுக்கியால் எடுத்துவிடலாம்.

கீறல் உறுதியானால் பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம். பல்சக்கரம் செய்யப் பயன்படும் வழுக்கும் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசைகள் பிடிப்பதில்லை. பிடித்தாலும் உள்ளிருந்து அழுத்தும் உலோகம் மறுபடி பிளந்துவிடும். மாற்றுப் பல்சக்கரம் வாங்கும்போது பற்களின் எண்ணிக்கை, துளையின் விட்டம், மொத்த நீளம் ஆகிய மூன்றையும் அளந்து சொல்லி வாங்குங்கள். ஒன்று கீறியிருந்தால் மற்றவையும் அதே வயதுடையவை என்பதால், எல்லா அச்சுகளுக்கும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம். செருகும்போது சுத்தியால் தட்டாமல், சிறிய மேசைப் பிடிப்பான் ஒன்றின் இரு தாடைகளுக்கும் நடுவில் வைத்து, நேராக, மெதுவாக அழுத்துங்கள். இரண்டு சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே சுமார் 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இது தவறினால் தட்டல் நின்றுபோகும், ஆனால் தடம் பிரியும் இடங்களில் இன்ஜின் தடம் புரளத் தொடங்கும்.

இனி உறுமல். மேற்கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் மறைந்தால், கூடு எங்கோ ஒரு கம்பியையோ எடைக்கட்டியையோ தொட்டு அதிர்கிறது. மறையவில்லை என்றால், மோட்டாரிலிருந்து போகிகளுக்குப் போகும் இரண்டு தண்டுகளையும் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டி, பிறகு ஒவ்வொரு போகியாக இணைத்துக் கேளுங்கள். எதை இணைத்ததும் உறுமல் வருகிறதோ அங்கேதான் தேட வேண்டும். முன்னே போகும்போது மட்டும், அல்லது பின்னே வரும்போது மட்டும் உறுமினால், மோட்டாரின் சுழற்சியைப் பல்சக்கரத்துக்கு மாற்றும் வார்ம் என்ற திருகு, தன் தண்டின் நீளவாக்கில் அளவுக்கு மீறி நகர்ந்து ஒரு பக்கம் மோதுகிறது என்று பொருள். மெல்லிய வாஷர் ஒன்று அந்த ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் மோட்டார் சூடாகும் என்பதால், இரண்டு மூன்று தாள்களின் கனத்துக்கு இடம் விட்டே வைக்க வேண்டும்.

கீச்சென்ற மெல்லிய ஒலி வந்தால் அது மோட்டார் புஷ்கள், அதாவது மோட்டார் தண்டைத் தாங்கும் வளையங்கள், வறண்டதன் அடையாளம். எண்ணெய்க்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ஊசி முனையில் நிற்கும் அளவே போதும். அதற்கு மேல் விட்டால், வழியும் எண்ணெய், சுழலும் சுருள்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டரில் கார்பன் தூளோடு குழைந்து கறுப்பு மசியாகிப் புதிய கோளாறைக் கொண்டுவரும். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுத்துவிட வேண்டாம். மார்கழியில் அது பாட்டிலுக்குள் உறைவதைப் பார்த்திருப்பீர்கள், புஷ்ஷுக்குள்ளும் அப்படித்தான் உறையும்.

உங்களிடம் தடத்தின் வழியே இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறை இருந்து, அந்தக் கட்டளையைப் படிக்கும் டீகோடர் என்ற சில்லைப் பொருத்தாத இன்ஜினை அதில் வைத்தால், நின்றபடியே ரீங்காரம் கேட்கும். அது இயந்திரக் கோளாறு அல்ல. தடத்தில் திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் மோட்டாரை அதிரச் செய்கிறது. அப்படியே நிறுத்தி வைத்தால் மோட்டார் சூடேறிக் கெட்டுப்போகலாம் என்பதால் உடனே தடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின், பாதி வேகத்தில் முன்னே அரை மணி, பின்னே அரை மணி ஓடவிட்டு, சக்கர இடைவெளியை மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் ‘டிக்’ கேட்டால், காகித நாடாவில் கிடைத்த எண்ணையும் பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கையையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சக்கரம் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.