மூணரை வயசுப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் விடலாமா, வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

சட்டப்படி அவசரமே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்வது 6 முதல் 14 வயது வரைதான். அரசுப் பள்ளியில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு, எல்.கே.ஜி. படித்தானா என்று கேட்க மாட்டார்கள். தனியார் பள்ளிதான் வேண்டுமென்றால் கதை வேறு: பல இடங்களில் எல்.கே.ஜி.யிலேயே இடம் நிரம்பிவிடும். அதே சட்டப்படி ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தரும் 25 சதவீத இலவச இடமும் அந்த நுழைவு வகுப்பில்தான். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகளே ஏராளம், முதலிலேயே விசாரியுங்கள்.

வீட்டில் என்றால் ஒரே மூச்சில் உட்கார வைக்காதீர்கள். பதினைந்து நிமிஷமாக மூன்று நான்கு தடவை போதும். பென்சிலுக்கு முன் விரல் பலம் வேண்டும். சப்பாத்தி மாவு உருட்டட்டும், புளியங்கொட்டையை இரு விரலால் எடுத்துப் பாட்டிலுக்குள் போட்டு எண்ணட்டும் (வாயில் போடாமல் பக்கத்திலேயே இருங்கள்). வீட்டுப் படிப்பு கெடுவது பாடத்தால் அல்ல. சமையல் நேரத்தில் பிள்ளை கைக்கு வரும் செல்போனால். கூட விளையாடப் பிள்ளைகளும் இல்லையென்றால், பாதி நாள் அங்கன்வாடி நல்ல நடுவழி.

பள்ளி என்றால் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். எல்.கே.ஜி. நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். பக்கம் பக்கமாக எழுத்து இருந்தால் வேண்டாம். வேன் அரை மணிக்கு மேல் சுற்றினாலும் வேண்டாம். ஜூனில் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் ஒன்றாக வரும். முதல் மாதங்களில் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். சேர்க்கும் முன் டிபன் பாக்ஸ் திறக்கவும், ஒண்ணுக்கு வருது என்று சொல்லவும் பழக்குங்கள்.