என்5 பாஸ், ஆனால் வாய் திறப்பதில்லை: கம்பெனியில் ஜப்பானிய வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். எங்கள் முக்கிய வாடிக்கையாளர் ஒரு ஜப்பானிய நிறுவனம். ஏஜென்சி ஒன்றின் மூலம் சனிக்கிழமைகளில் ஜப்பானிய வகுப்பு வைத்தோம். 24 பேர் சேர்ந்தார்கள், இப்போது வருவது 7 பேர். ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 நிலை தேறியவர்கள்கூட ஜப்பானியர் எதிரில் வந்து நின்றால் பேசுவதில்லை. அடுத்த பேட்ச்சுக்கு ஏஜென்சிக்காரர்கள் முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கிறார்கள்; மூன்றே மாதத்தில் என்5 கேரண்டி என்கிறார்கள். இடையில் வேலையை விட்டால் பணம் கட்டுவதாக ஊழியர்களிடம் பாண்ட் எழுதி வாங்கச் சொல்கிறார் எம்.டி. இதெல்லாம் சரியா? மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிடலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் ஐந்து நிலைகள் உண்டு. என்5 அதில் மிகக் கீழ்ப் படி. விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். பேச்சுத் தேர்வு எந்த நிலையிலும் கிடையாது, உச்சத்தில் இருக்கும் என்1இலும் கிடையாது. மொத்தம் 180க்கு 80 எடுத்தால் என்5 பாஸ். அதில் காதால் கேட்டு விடையைக் குறிக்கும் பகுதிக்கு 60க்கு 19 வந்தாலே போதும். ஆக, காதில் விழுவதில் பாதிகூடப் புரியாமல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருவர் சான்றிதழ் வாங்க முடியும். உங்கள் ஆட்கள் வாய் திறக்காததில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. பேச யாரும் சொல்லித் தரவில்லை.

ஏஜென்சிக்கு என்5 ஏன் பிடிக்கிறது? எண்ணிக் காட்டலாம். நமக்கும் அதுதான் வசதி. ஐஏடிஎஃப் (வாகனத் துறைத் தரச் சான்று) ஆடிட்டர் பயிற்சிப் பதிவேடு கேட்பார். வருகைத் தாள், ஃபீட்பேக் படிவம், சான்றிதழ் ஜெராக்ஸ் மூன்றும் ஃபைலில் இருந்தால் வேலை முடிந்தது. 'பயிற்சியின் பயன்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் 'நன்று' தவிர வேறு எதையும் யாராவது எழுதி நான் பார்த்ததில்லை. மார்ச்சுக்குள் பட்ஜெட்டைக் காலி செய்ய வேண்டுமென்று பிப்ரவரியில் அவசர பேட்ச் தொடங்கும் கம்பெனிகளும் நிறைய.

இந்த ஏஜென்சிகளில் பலவற்றுக்குச் சொந்தமாக ஆசிரியரே கிடையாது. உங்களிடம் பேட்ச் கணக்கில் வாங்கிக்கொண்டு, வெளி ஆசிரியருக்கு மணிக்கணக்கில் கொடுப்பார்கள். டெமோ வகுப்புக்கு நல்ல ஆசிரியர் வருவார். மூன்றாம் வாரம் பார்த்தால், போன ஜூலையில் என்4 தேறிய பையன் நின்றுகொண்டிருப்பான். ஆகவே ஒப்பந்தத்தில் ஆசிரியர் பெயரை எழுதுங்கள். நீங்கள் சம்மதிக்காமல் ஆள் மாற்றக் கூடாது என்றும் எழுதுங்கள். பணம் மாதாமாதம்; கடைசித் தவணை மட்டும் ஷாப் ஃப்ளோரில் (உற்பத்திக் கூடத்தில்) நீங்களே வைக்கும் பேச்சுச் சோதனைக்குப் பிறகு. இதற்கு ஒப்புக்கொள்ளாதவர்களோடு பேச்சை வளர்க்க வேண்டாம். முழுக்க ஆங்கில எழுத்தில் அச்சடித்த ஜப்பானியப் பாடப்புத்தகத்தை நீட்டினாலும் அப்படியே. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்றுத்தர ஒதுக்குவது 2200 மணி நேரம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மூன்று மாதம் போனால் எவ்வளவு தேறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இனி வகுப்புக்கு வருவோம். 24 பேர் எதற்கு? ஜப்பானியரோடு நேரில் பேச வேண்டிய ஆட்கள் தரப் பிரிவு, உற்பத்தித் திட்டம், பராமரிப்பு என்று எட்டுப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அக்கவுண்ட்ஸ் ஆட்களை விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமையையும் விடுங்கள். மாலையில் ஷிஃப்ட் முடிந்து வைத்தால் கம்பெனி பஸ் போய்விடும். ஆர்வம் குறைந்துவிட்டது என்று நீங்கள் ரிப்போர்ட் எழுதுவீர்கள், ஊழியரோ வாலாஜாபாத் போக ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பார். ஷிஃப்ட்டுக்குள்ளேயே 45 நிமிடம், வாரம் நான்கு நாள். லைன் பாதிக்கும் என்று பிளான்ட் ஹெட் மறுத்தால் வகுப்பே வேண்டாம். அந்தப் பணமாவது மிஞ்சும்.

உங்கள் ஆட்களுக்கு கைசென் (தொடர் மேம்பாடு), போகா யோகே (தவறு நேராமல் தடுப்பது), செய்ரி (வேண்டாததை நீக்குவது), செய்தோன் (ஒழுங்காக அடுக்குவது) எல்லாம் ஏற்கெனவே தெரியும், சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அடுத்து ஃபுர்யோ (குறைபாடு), சுமென் (வரைபடம்), நோகி (டெலிவரி தேதி), கென்ஸா (பரிசோதனை). கூடவே, 'இன்னொரு முறை சொல்லுங்கள்', 'சரிபார்த்துச் சொல்கிறேன்' என்கிற இரண்டு வாக்கியங்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். கான்ஜி என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைக் கையால் எழுதிப் பழக வேண்டாம், பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

ஆசிரியர் தமிழில் விளக்கட்டும். 'கைஷா நி இகிமாசு' என்றால் 'கம்பெனிக்குப் போகிறேன்'. 'க்கு' வரும் இடத்தில் 'நி', வினைச்சொல் கடைசியில். வரிசை அப்படியே நம்முடையது. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டி, திரும்பவும் தமிழுக்குக் கொண்டுவந்தால் டிப்ளமோ படித்த நல்ல சூப்பர்வைசரும் குழம்பிப்போவார்.

வாராந்திர வீடியோ அழைப்பு இருக்குமே, அதில் முதல் ஐந்து நிமிடம் உங்கள் தரப் பொறியாளர் ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையை ஜப்பானியத்தில் சொல்லட்டும். தப்பும் தவறுமாகத்தான் வரும், வரட்டும். வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடத்தை மட்டும் வெளி ஆசிரியரிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ரகசிய ஒப்பந்தம் இருக்கும்.

சான்றிதழே வேண்டாமா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய 'தொகுதெய் கினோ' என்கிற திறன் தொழிலாளர் விசாவுக்கு மொழிச் சான்று கேட்கிறார்கள். அங்கேயும் என்5 செல்லாது. என்4 வேண்டும், இல்லையென்றால் ஜேஎஃப்டி-பேசிக் என்ற கணினித் தேர்வு. தொழில் திறன் தேர்வு தனி. முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர் அதற்கென்று இன்னொரு மொழித் தேர்வும் எழுத வேண்டும். ஏற்கெனவே ஜப்பானில் தொழில்நுட்பப் பயிற்சி பெறுபவராக மூன்று ஆண்டை ஒழுங்காக முடித்தவருக்குப் பொது மொழித் தேர்வு இல்லை. இதையெல்லாம் சொல்லாமல் 'என்5 இருந்தால் ஜப்பான் வேலை' என்று உங்கள் ஊழியர்களிடமே தனியாகப் பணம் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள்; கேட்டை விட்டு உள்ளே விடாதீர்கள். கூட்டத்துக்காகச் சில வாரம் போய்வரும் பொறியாளருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

பாண்ட் விஷயம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74இன்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், அதற்கும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். எட்டுப் பேரிடம் பாண்ட் கேட்டால் நான்கு பேர் வகுப்புக்கே வர மாட்டார்கள். அதற்குப் பதில், பேச்சுச் சோதனையில் தேறியவருக்கு மாதச் சம்பளத்தோடு மொழிப் படி (அலவன்ஸ்) கொடுங்கள் என்று எம்.டி.யிடம் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளரை நிறுத்தாதீர்கள். தினசரி ஷாப் ஃப்ளோர் பேச்சை அவரிடமிருந்து மெல்ல மெல்ல எடுத்து உங்கள் ஆட்களிடம் கொடுக்கலாம். விலைப் பேச்சு, வாரன்டி க்ளெய்ம், வாடிக்கையாளர் ஆடிட் மூன்றுக்கும் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் உங்கள் சம்பளத்தில் இருக்கிறாரா, அதே ஏஜென்சி அனுப்பியவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஏஜென்சி ஆள் என்றால், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அவரைத் தனியாகப் பிரித்து நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.