வாசகர் கேள்வி: வெந்நீரில் கால் வைக்கலாமா?

கேள்வி: லத்தா பக்கம் சீன மருந்துக்கடையில் காய்ந்த இலைப் பொட்டலம் ஒன்று கொடுத்து, ராத்திரி கால் ஊறவைக்கச் சொன்னார்கள். எவ்வளவு போடுவது? உண்மையிலேயே பலன் உண்டா?
– வாசகி, ரங்கூன்

பதில்: அது பெரும்பாலும் 'ஐ யே', நம் மாசிபத்திரி இனம். கடைக்காரரிடம் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு கைப்பிடி (சுமார் 30 கிராம்) இலையோடு, தோலோடு நசுக்கிய இஞ்சி 50 கிராம் சேர்த்து, 2 லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பிறகு பச்சைத்தண்ணீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானி இல்லையென்றால் முழங்கையை விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

அகலத் தாம்பாளம் வேண்டாம், ஆழமான வாளியே சரி. கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றால்தான் கெண்டைக்கால் வரை சூடேறும். 15, 20 நிமிடம் போதும். நெற்றியில் லேசாக வியர்வை அரும்பியதும் காலை எடுத்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும்வரை உட்கார்ந்தால் எழும்போது தலை சுற்றும். பலரும் சுட்டுக்கொள்வது, ஆறிய நீரில் கெட்டில் வெந்நீரை ஊற்றும்போதுதான். காலை வெளியே எடுத்துவிட்டு ஊற்றிக் கலக்குங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். முடிந்ததும் விரலிடுக்கைத் துடைக்க மறந்தால் சேற்றுப்புண்தான் மிஞ்சும்.

சீன மருத்துவக் கணக்கில் உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லும் 12 முதன்மை நாடிப்பாதைகளில் ஆறு பாதத்தைத் தொடுகின்றன. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகப் பாதைகள் அங்கே தொடங்குகின்றன. வயிறு, பித்தப்பை, சிறுநீர்ப்பைப் பாதைகள் அங்கே முடிகின்றன. விரல்களை மடக்கினால் உள்ளங்காலின் முன்பக்கத்தில் விழும் குழிதான் 'யோங்சுவான்', அதாவது பொங்கும் ஊற்று. ஊறிய பின் அதைக் கட்டைவிரலால் தேய்க்கச் சொல்வார்கள். நவீன விளக்கம் வேறு: பாதம் சூடானால் அங்கே ரத்தக்குழாய்கள் விரியும், உடலின் உள்வெப்பம் வெளியேறும், தூக்கம் சீக்கிரம் வரும். இதை நம்பலாம். மூட்டுவலிக்குக் கொஞ்ச நேர ஆறுதல் கிடைக்கும். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகள் மூலிகையைத் தவிர்ப்பது நல்லது. குங்குமப்பூ போலச் சிவந்திருக்கும் 'ஹோங் ஹுவா' பூவைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறது என்கிறார். இதைச் செய்யலாமா?
– வாசகர், தட்டோன்

பதில்: வேண்டாம். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளம் எழும்பிய பிறகுதான் உங்கள் கண்ணில் படும், சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் ஆறுவது கடினம். நீங்கள் கைவிட்டுப் பார்த்துக் கொடுத்தாலும் சரிவராது, ஏனென்றால் ஊறி ஊறித் தோல் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறும். குளிருக்குப் பருத்திக் காலுறை போடட்டும். தினமும் பாதத்தை நீங்களே பாருங்கள், மரத்துப்போவதை டாக்டரிடம் சொல்லுங்கள். நரம்புச் சுருட்டு (வெரிகோஸ் வெயின்), காலில் ரத்த ஓட்டக் குறைவு, ஆறாத புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கேள்வி: மின்சாரக் கால்தொட்டியில் தண்ணீர் பழுப்பாகிறதே, அது உடம்பிலிருந்து வரும் நஞ்சா?
– வாசகி, பெகு

பதில்: இல்லை, துரு. உப்புத்தண்ணீரில் மின்சாரம் பாயும்போது உள்ளே இருக்கும் இரும்புத் தகடு அரிக்கிறது. காலை வைக்காமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், அப்போதும் பழுப்பாகும்.